பழைய மடிக்கணினியைத் தூக்கி எறியலாமா?

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஏழ்மையைப் புகழ எழுந்த மொழியன்று அது. கையிலுள்ள பொருளின் தகுதியை அறிந்து, அதனைச் செம்மைப்படுத்திப் பயன்கொள்ளும் அறிவினைப் புகழ எழுந்த மொழி. துணிக்குப் பொருந்தும் இவ்வறிவுரை இக்காலக் கணினிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே எம் துணிபு. அதனை இவ்வாண்டு மலரின் வாயிலாகப் பெற்றோர்க்கும், மாணவச் செல்வங்களுக்கும், தோட்டத்துப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் தோட்டத்து வீடுகளில் இன்று கணினி காணாப் பொருளன்று. பட்டணத்தில் பணிபுரியும் மகன் புதியது வாங்கியபின் விட்டுச் சென்ற மடிக்கணினி, அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கிறது. ஏதோ ஓர் அலுவலகத்தார் கழித்துத் தந்த மடிக்கணினி, மற்றொரு வீட்டில் கட்டிலுக்கடியில் உறங்குகிறது. கேட்டால், "மிகவும் மெதுவாக ஓடுகிறது ஐயா, இனி உதவாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்" என்பர். பழைய சாமான் வாங்க வருவோரிடம் சில ரிங்கிட்டுக்குப் போட்டுவிடுவோரும் உளர்.

இந்நிலை அண்மையில் மேலும் மிகுந்துள்ளது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் 10 எனும் இயங்குதளத்துக்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பு உள்ள கணினிகளையே முறைப்படி ஏற்கும். செயலியின் வயதுக்கும் அது வரம்பு விதிக்கிறது. ஆகவே, திரையும் விசைப்பலகையும் நன்னிலையில் உள்ள எண்ணற்ற கணினிகள் வாயிலிலேயே நிறுத்தப்பட்டன. அவை பழுதடையவில்லை; பழையவை என்று தள்ளப்பட்டன. பழுதுக்கும் பழமைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர் வீண் செலவுக்கு ஆளாவர்.

செலவு எத்துணை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஓரளவு தரமான புதிய மடிக்கணினி ஒன்று, தொழிலாளி ஒருவரின் ஒரு மாத உழைப்பை ஏறத்தாழ முழுமையாக விழுங்கிவிடும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பின் என் செய்வது?

2020ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க இயலாது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் வீட்டுக்குச் சென்றது. ஆனால் பல தோட்டத்து வீடுகளில் இருந்தது ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தையின் சட்டைப் பையில் வேலைக்காட்டுக்குச் சென்றது. தந்தை திரும்பும் வரை பாடம் காத்திருந்தது. மூத்தவன் முடிக்கும் வரை இளையவள் காத்திருந்தாள். 2021ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், செர்டிக் திட்டத்தின்வழி 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்க்கு மடிக்கணினி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம். எனினும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்காத பிள்ளைகளும் பலர். அந்நாளிலும் அலமாரியின் மேல்தட்டில் பழைய மடிக்கணினிகள் கிடந்தன என்பதே வருந்தத்தக்க உண்மை.

உடல் வேறு, உயிர் வேறு

மாணவர்களே! கணினிக்கு உடலும் உண்டு. உயிரும் உண்டு எனலாம். திரை, விசைப்பலகை, வன்தட்டு, நினைவகம் ஆகியவை அதன் உடல். அவற்றை ஒன்றிணைத்து ஆள்கின்ற இயங்குதளமே அதன் உயிர். உடல் வலுவாக இருந்து, உயிர் மட்டும் பாரமாகிவிட்டால், அந்த உயிரை மாற்றினால் போதும்.

அவ்வாறு மாற்றத்தக்க இயங்குதளமே லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எனும் 21 அகவை மாணவர், 1991 ஆகஸ்டு மாதத்தில் இதனை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்னரே, 1983ஆம் ஆண்டில், அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் குனூ எனும் திட்டத்தைத் தொடங்கி, எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கி வந்தார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்த பெருமரத்தின் கிளைகளுள் ஒன்று டெபியன். அதனை 1993இல் இயன் மர்டாக் என்பார் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் இன்றளவும் அதனைப் பேணி வருகின்றனர்.

"காசில்லாமல் கிடைப்பது தரமாக இருக்குமா?" எனச் சிலர் ஐயுறுவர். உலகின் ஆற்றல்மிகு 500 மீக்கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை அனைத்தும் லினக்ஸ் கொண்டே இயங்குகின்றன. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருவே. ஆகவே இஃது ஏழைக்கென ஒதுக்கப்பட்ட எச்சில் பண்டமன்று. செல்வர் நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் விரும்பி ஏற்ற பொருள்.

இதில் ஒழுக்கம் பற்றிய செய்தியும் ஒன்றுண்டு. விலை கொடுத்து வாங்க இயலாமல், திருட்டுப் படியாகிய மென்பொருளைப் பிள்ளையின் கணினியில் ஏற்றித் தருவோர் உளர். களவாடிய நூலைக் கொண்டு அறநூல் கற்பிப்பதற்கு அது நிகராகும். லினக்ஸை நகலெடுப்பது குற்றமன்று. அது தரப்பட்ட உரிமை. அண்டை வீட்டாருக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தல் அங்கே களவாகாது, உதவியாகும்.

வலைப்பின்னல் வழி நிறுவுதல்

நிற்க. புதிய இயங்குதளத்தை ஏற்றுவது எவ்வாறு? வழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று குறுந்தட்டு, மற்றொன்று பென்டிரைவ் எனும் விரலி. பழைய மடிக்கணினிகளில் தட்டு ஓட்டும் கருவி பழுதாகியிருக்கும். சிலவற்றில் தொடக்கத்திலேயே இராது. 2008ஆம் ஆண்டு வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்200 போன்ற சிறிய மடிக்கணினிகளில் அக்கருவி கிடையாது. விரலி செருகும் துளை தேய்ந்திருந்தாலும் இடர்ப்பாடுதான். மிகப் பழையவற்றுள் சில, விரலியிலிருந்து தொடங்கவே அறியா. அவ்வேளையில் கைகொடுப்பதே மூன்றாம் வழியாகிய கம்பி வலைப்பின்னல்.

அலுவலகங்களுக்கெனச் செய்யப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில், வலைக்கம்பி செருகும் பகுதியோடு பி.எக்ஸ்.இ. எனும் சிறு நிரல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதன் 2.1ஆம் விதிமுறையை இன்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்டது. வன்தட்டு வெறுமையாக இருப்பினும், கம்பியின் வழியே பிறிதொரு கணினியிடம் உதவி கேட்க இந்நிரல் துணைபுரிகிறது.

இதனைத் தோட்டத்து வழக்கைக் கொண்டே விளக்கலாம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் தொழிலாளர் வந்து நிற்கின்றனர். மண்டோர் பெயரைக் குறித்துக்கொண்டு, இன்னாருக்கு இன்ன நிரை எனப் பிரித்துக் கொடுக்கிறார். அதன் பின்னரே அவரவர் கருவியை எடுத்துக்கொண்டு வேலைக்காட்டுக்குச் செல்கின்றனர். பழைய மடிக்கணினியும் அவ்வாறே. விழித்தெழுந்தவுடன், "எனக்கு ஓர் எண் கொடுப்பார் யார்? நான் எங்கே செல்ல வேண்டும்?" என்று கம்பியில் உரக்கக் கேட்கிறது. மண்டோராக அமர்ந்துள்ள மற்றொரு கணினி, அதற்கு ஒரு முகவரி எண்ணையும், எடுக்க வேண்டிய கோப்பின் பெயரையும் அளிக்கிறது. இவ்வழங்கல் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். பின்னர், டி.எஃப்.டி.பி. எனும் எளிய முறையில் அக்கோப்பு கம்பிவழி வந்து சேர்கிறது. அதனைத் தொடர்ந்து லினக்ஸின் கருவும், நிறுவும் நிரலும் வருகின்றன. அவை சில பத்து மெகாபைட்டு அளவினவே. வந்தவுடன், எஞ்சிய பண்டங்களை இணையத்திலிருந்து தருவித்து, நிறுவும் பணி தொடங்கிவிடும்.

மண்டோர் வேலைக்குப் புதிய கணினி வேண்டுவதில்லை. ஓடுகின்ற எந்தக் கணினியும் போதும். டி.என்.எஸ்.மாஸ்க் எனும் சிறு மென்பொருள் ஒன்றே முகவரி வழங்கலையும் கோப்பு வழங்கலையும் செய்துவிடும். இரண்டையும் இணைக்க ஒரு சுவிட்சுப் பெட்டியும் வலைக்கம்பிகளும் வேண்டும். மடிக்கணினியைத் தொடக்கும்போது, திங்க்பேட் வகையாயின் எஃப்12 விசையை அழுத்தி, வலைப்பின்னல் வழியே தொடங்குமாறு பணித்தல் வேண்டும். பிற வகைகளில் விசை வேறுபடலாம்.

நிறுவும்போது மற்றொரு மகிழ்ச்சி உண்டு. டெபியனின் வரைகலை நிறுவியைத் தேர்ந்துகொண்டால், முதல் திரையிலேயே தமிழைத் தெரிவு செய்யலாம். கேள்விகள் தமிழிலேயே வரும். தட்டச்சுக்கு, 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளலாம். கணினியில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் என்பதையும் மாணவர்கள் நினைவிற்கொள்க. பிறர் செய்து தந்ததை வாங்குவோராக மட்டும் நாம் இருந்ததில்லை.

ஒரே ஒரு கணினிக்கு நிறுவுவதாயின், விரலி வேலை செய்யுமிடத்து அதுவே எளிது. பத்துக் கணினிகள் எனில் வலைப்பின்னலின் சிறப்புத் தெரியும். இணையம் மெதுவாக உள்ள தோட்டப்புறத்தில், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே பண்டங்களைத் தருவித்தால் நாள்கணக்காகும். மண்டோர் கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி எனும் மென்பொருளை வைத்துவிட்டால், முதற்கணினிக்காக ஒருமுறை வந்தவை அங்கேயே சேமிக்கப்பட்டு, அடுத்தவற்றுக்கு உள்ளூரிலிருந்தே வழங்கப்படும். ஒருவர் கிணற்றில் நீர் இறைத்துத் தொட்டியை நிரப்பினால், ஊரார் மொண்டுகொள்ளலாம் அன்றோ!

கருத்திற்கொள்ள வேண்டியவை

இப்பணியில் இறங்குவோர் சிலவற்றை முன்னரே அறிதல் நன்று. முதலாவது, நிறுவும்போது வன்தட்டிலுள்ளவை அழிந்துபோகும். திருமணப் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகளும் அதனுள் இருக்கலாம். அவற்றை வேறிடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒரு பெரட்டுக்கு இரு மண்டோர் ஆகாது. பள்ளி அலுவலக வலைப்பின்னலில் ஏற்கெனவே முகவரி வழங்கும் கருவி இருக்கும். அதனோடு நாமும் ஒன்றை வைத்தால் குழப்பம் நேரும். ஆகவே தனிச் சுவிட்சில், தனி வலைப்பின்னலாக அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, கணினியின் வகையறிதல். பயாஸ் முறையில் தொடங்கும் பழைய கணினிக்கு ஒரு தொடக்கக் கோப்பும், யூ.இ.எஃப்.ஐ. முறையிலானதற்கு வேறொரு கோப்பும் வேண்டும். செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்பதும் முதன்மையானது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட்டுக் கணினிகளுக்கான நிறுவியை வழங்கவில்லை. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 வழங்கியது.

நான்காவது, எதிர்பார்ப்பில் அளவு வேண்டும். நினைவகம் 2 கிகாபைட்டுக்குக் குறையாமல் இருப்பதும், எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய திரைச்சூழலைத் தேர்வதும் நலம். பழைய வன்தட்டுக்கு மாற்றாகச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் விரைவு கூடும். மின்கலம் வீங்கியிருப்பின் அதனைத் தொடர்ந்து பயன்படுத்துதல் கூடவே கூடாது, தீப்பற்றும் இடருண்டு. எவ்வகையாலும் எழாத கணினியைக் குப்பையோடு எரித்தல் தகாது. அதனுள் நச்சுப் பொருள்கள் உள. மின்னணுக் கழிவைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தலே முறை.

மறுப்புரைகளுக்கு விடை

"பட்டணத்துப் பிள்ளைக்குப் புதியது, எங்கள் பிள்ளைக்கு மட்டும் பழையதா?" என்று பெற்றோர் ஒருவர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி, அதன் பின்னால் தலைமுறைகளின் வேதனை உண்டு. நம் பிள்ளைகளுக்குப் புதிய கணினியும் விரைவான இணையமும் கேட்பது நம் உரிமை. அக்கேட்பினை நாம் ஒருநாளும் கைவிடலாகாது. ஆயினும் விண்ணப்பத்துக்கு விடை வரும் வரை, மூன்றாம் ஆண்டில் பயிலும் பிள்ளை மூன்றாம் ஆண்டிலேயே நிற்பதில்லை. அடுத்த ஆண்டு நான்காம் ஆண்டுக்குச் சென்றுவிடும். போன ஆண்டு போனதுதான். உரிமையைக் கேட்கும் வாயும், உள்ளதைச் செப்பனிடும் கையும் ஒருங்கே இயங்கலாம்.

"விண்டோஸ் இல்லாமல் பள்ளிப் பாடம் நடக்குமா?" என்பது மற்றொரு கேள்வி. கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளம் உலாவியின் வழியே இயங்குவது. உலாவி லினக்ஸிலும் உண்டு. கட்டுரை எழுதவும் கணக்கேடு அமைக்கவும் லிப்ரே ஆபிஸ் உளது. சிறுவர்க்கு ஜிகாம்ப்ரி எனும் கல்வி விளையாட்டுத் தொகுப்பும், டக்ஸ் பெயிண்ட் எனும் ஓவிய மென்பொருளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விண்டோஸுக்கெனவே ஆக்கப்பட்ட சில மென்பொருள்கள் ஓடா என்பதும் உண்மை. தொடக்கப்பள்ளி மாணவர்க்கு அவற்றால் பெருங்குறை நேராது.

"இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர் யார்?" என்பது இறுதிக் கேள்வி. இதற்கான விடையே இக்கட்டுரையின் உயிர்நாடி. நம் பள்ளிப் பொருளறையில் கிடந்த ஐந்து மடிக்கணினிகளை, தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் நம் முன்னாள் மாணவர் ஒருவர், பள்ளி விடுமுறையில் வந்து இம்முறையில் செம்மைப்படுத்தினார். நான்கு எழுந்தன, ஒன்று எழவில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு அப்பணியைச் செய்யவில்லை. மாணவர் சூழ நின்றிருக்க, நடுவே அமர்ந்து செய்தார். கருந்திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றக் கண்ட ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "அண்ணா, அது யாரைக் கூப்பிடுகிறது?" என்று கேட்டாள். "முகவரி கொடுக்கிறவரைக் கூப்பிடுகிறது, தங்கச்சி" என்றார் அவர். மறுநொடி மடிக்கணினிக்கு எண் கிடைத்தது, பிள்ளைகள் கைதட்டினர்.

அந்த ஒரு கேள்விக்கு என்ன விலை கொடுக்கலாம்? கடையில் வாங்கிய புதிய கணினி, அக்கேள்வியைப் பிள்ளையின் நாவில் எழுப்பாது. பெட்டியைத் திறந்தவுடன் அது வேலை செய்யும். எவ்வாறு வேலை செய்கிறது என்பதை மறைத்துவிடும். உயிரிழந்ததாகக் கருதப்பட்ட கணினி கண்முன் எழுவதைக் காணும் பிள்ளைக்கோ, கணினி மாயப்பெட்டியன்று, மனிதர் அறிந்து ஆளத்தக்க கருவி என்பது விளங்கிவிடுகிறது. நான்கு கணினிகள் கிடைத்தது நன்மையே. அதனினும் பெரிய நன்மை, அவற்றை எழுப்பும் அறிவு நம் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுகொண்டது.

நாம் செய்யத்தக்கவை

எனவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின்முன் மூன்று கருத்துகளை வைக்கின்றோம்.

முதலாவது, புதிய கணினிக்கு நிதி திரட்டுமுன், வீடுகளில் உறங்கும் பழைய மடிக்கணினிகளைக் கணக்கெடுப்போம். இரண்டாவது, ஆண்டுக்கு இருமுறை, ஒரு சனிக்கிழமையில், பள்ளி வளாகத்தைத் துப்புரவு செய்யக் கூடுவதைப் போலவே, கணினிகளைச் செம்மைப்படுத்தவும் கூடுவோம். மூன்றாவது, அப்பணியை முன்னாள் மாணவர் முன்னின்று நடத்த, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் உடனிருந்து செய்வாராக. எழுந்த கணினிகள், வீட்டில் கணினியில்லாப் பிள்ளைகளுக்கு முதலில் செல்லட்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எமக்கு இக்கலை கற்பிக்கப்படவில்லை. ஆயினும் இளைஞர் செய்வதை அருகிருந்து பார்த்துக் கற்பதில் இழுக்கொன்றும் இல்லை. தந்தையரும் தாய்மாரும் அச்சனிக்கிழமைகளில் வந்து அமர்க. தம் பிள்ளை ஒரு கணினிக்கு உயிரூட்டுவதைக் கண்ணாரக் காண்க.

மாணவமணிகளே! பழையது என்று பிறர் தள்ளியதை, "இது இன்னும் எதற்கு உதவும்?" என்று கேட்டுப் பழகுங்கள். அக்கேள்வி கணினியோடு நின்றுவிடாது. "தோட்டத்துப் பிள்ளை எதற்கு உதவும்?" என்று உங்களைப் பார்த்து எவரேனும் கேட்கும் நாளில், விடை கூறும் துணிவையும் அதுவே தரும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!

— தலைமையாசிரியர்